நாற்பத்தொரு நிமிடங்கள்

திங்கள், 10 நவம்பர்

காலை முதல் மழை. குடை எடுக்கவில்லை. எல்.ஆர்.டி. நிலையம் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

தேன்மொழி போய் இன்று நாற்பத்தாறு நாள். இனி இந்த நோட்டில் தே. என்று மட்டும். முழுப் பெயரை எழுதினால் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறேன். (கோப்பிக்கடையில் 'தே, தே ஓ' என்று குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்கிறேன். அவர்கள் சொல்வது டீ.)

இந்த வாரம்:
– அத்தையின் (தே.யின் அம்மா) விமான டிக்கெட் அச்சடிக்க. சனி மதியம், திருச்சி.
– அவருக்கு மூட்டுவலித் தைலம், ஊருக்கும் சேர்த்து.
– தே.யின் கைபேசி இணைப்பை நிறுத்த. (அணைத்து அலமாரியில் வைத்தது. இன்னும் திறந்து பார்க்கவில்லை.)
– ஆபீஸ்: மூன்றாம் தள வரைபடம். இரண்டு வாரத் தாமதம். யாரும் கேட்பதில்லை. கேட்டால் நன்றாயிருக்கும்.

ரயிலில் பள்ளிச் சீருடைப் பெண் ஒருத்தி. கைபேசியில் ஈரக்குடை. மூன்றாவது பாட்டு.

ஈரக்குடை இந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரின் இசைக்குழு. கிட்டார், உறுமி, வயலின், ஒரு பெண் குரல். சளி பிடித்த மாதிரிக் குரல். ஒன்பது வருடம் முன்பு ஒரு சமூக மன்றத்தில் இருபத்தைந்து பேருக்கு முன்னால் பாடினார்கள். அந்த இருபத்தைந்தில் நானும் தே.யும். அவள் பாதியில் தூங்கிவிட்டாள். அதிலிருந்து 'உங்க குடைக்காரங்க' என்பாள். எனக்கு அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. புது ஆல்பத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தேன். அது செப்டம்பர் 25 வந்தது. பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு மூன்றாவது பாட்டை எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஊரெல்லாம் அவர்கள்தான்.

இன்று மட்டும்: ரயிலில் பாட்டு 3. ஆபீஸ் லிஃப்ட்டில் ஒருவர் விசிலடித்தது, பாட்டு 3. மதியம் கோப்பிக்கடையில் பாட்டு 7. மாலை முடி வெட்டும் இடத்தில் மறுபடி 3. வெட்டுபவர் பல்லவி வரும்போதெல்லாம் கத்தரியை நிறுத்தினார்.

வீடு திரும்பியபோது அத்தை வாசலில், பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை மடியிலதாங்க உயிர் போச்சு. கடைசியா அம்மான்னு என்னைத்தான் கூப்பிட்டிருக்கா. அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு."

செருப்பைக் கழற்றி உள்ளே போய்விட்டேன். நடந்தது அதுவல்ல. அதைச் சொன்னவன் நான்.

நடந்ததை ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும். செப். 25, வியாழன். வியாழன்தோறும் எனக்கு வீட்டில் வேலை. தே.க்குப் பாலர் பள்ளியில் காலை ஷிஃப்ட், இரண்டு மணிக்கு வந்துவிட்டாள். 3.05க்கு ஹெட்போன் மாட்டினேன். வெளிச்சத்தம் உள்ளே வராத வகை. வேலை எதுவும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆல்பம் முழுவதும். பத்துப் பாட்டு, நாற்பத்தொரு நிமிடம். 3.46க்குக் கழற்றினேன். நன்றாயிருக்கிறது என்று அவளிடம் சொல்லப் போனேன். சமையலறையில், கழுவுதொட்டிக்குக் கீழே கிடந்தாள். மூச்சு இல்லை. மடியில் தூக்கி வைத்தது அதற்குப் பிறகு.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். உடனே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்.

அன்று மாலை அத்தை போனில் கேட்டார், பக்கத்துல யாரு இருந்தா. நான்தான் என்றேன். என்ன சொன்னா என்று கேட்டார். அம்மான்னா என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

செவ்வாய், 11 நவம்பர்

அரை நாள் விடுப்பு. அத்தையோடு தேக்கா சந்தை. வெயில், பிறகு தூறல், பிறகு வெயில்.

வாங்கியது: தைலம் ஆறு, சாக்லேட் மூன்று பை, மைலோ இரண்டு, பேரனுக்குக் கைக்கடிகாரம் (ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார்; அது சத்தம் போடாத வகை).

மீன் கடையில் வரிசை. கடைக்காரர் ஐஸ் மேல் ரேடியோ வைத்திருக்கிறார். பாட்டு 5. இந்த ஐந்தில் உறுமி திடீரென்று நின்று, நாலு எண்ணிக்கை கழித்து மறுபடி பிடிக்கும். அது பிடித்த இடத்தில் என் கால் தாளம் போட்டது. ஈரத் தரையில் செருப்புச் சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. அத்தை பக்கத்தில் கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுதான் எனக்குப் புரியாதது. அந்தப் பாட்டு ஒலிக்கும்போது அவள் தரையில் கிடந்தாள். தெரிந்தும் கால் ஆடுகிறது. பாட்டைக் கேட்டு வாந்தி வந்தால் நியாயம். இன்னும் பிடித்திருக்கிறது.

எங்கே கேட்டாலும் கணக்குப் போடுகிறேன். பாட்டு 5 என்றால் 3.22. பாட்டு 7 என்றால் 3.31. 'ஏங்க' என்று கூப்பிட்டிருந்தால் எந்தப் பாட்டில் கூப்பிட்டிருப்பாள்?

மாடியில் தையல்கடை. தே. ஆகஸ்ட்டில் கொடுத்த ரவிக்கை வாங்கப்படாமல் கிடக்கிறது என்று போன வாரம் போன் செய்திருந்தார்கள். தையல்காரருக்கு விஷயம் தெரியாது. கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கொண்டு வரச் சொல்லுங்கள், பிரித்துத் தருகிறேன் என்றார். அத்தை சரி என்றார். பச்சை ரவிக்கை. கீழே வரும்வரை பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பஸ்ஸில்: "உங்களுக்கு அவ பச்சை கட்டினா பிடிக்குமாமே."

ஆமாம் என்றேன். அது உண்மை. இத்தனை நாளில் அத்தையிடம் நான் சொன்ன உண்மைகளை விரல்விட்டு எண்ணலாம்.

புதன், 12 நவம்பர்

பொங்கோலில் ரஹ்மத் வீடு. தே.யோடு பாலர் பள்ளியில் வேலை செய்தவள். நாகூர்ப் பூர்வீகம், மூன்று தலைமுறையாக இங்கே. அத்தை ஊருக்குப் போகுமுன் வந்தே ஆக வேண்டும் என்று நாலு தடவை அழைத்துவிட்டாள். தே.யின் பொருட்களையும் பள்ளியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள்: குவளை, ஸ்வெட்டர், வகுப்புக்குள் போடும் செருப்பு, பிள்ளைகள் செய்து கொடுத்த காகித மாலை.

கூடத்தில் அவள் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டு 3. ரஹ்மத் நிறுத்தச் சொல்வாள் என்று பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். "உங்க குடைக்காரங்கதானேண்ணே. தேன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா." எனக்காகத்தான் கூட்டினாள். நன்றி என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பாண்டான் கேக், சூடான மைலோ. அத்தை ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு ரஹ்மத் அழுதாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

"அன்னைக்கு நான் கால் பண்ணேன் ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை டியூட்டி மாத்திக்கலாமான்னு கேக்க. கூப்பிடவான்னு நான் போட்ட மெசேஜுக்கு மூணு பன்னெண்டுக்கு ஓகேன்னு போட்டா. மூணு இருவதுக்குக் கூப்பிட்டா எடுக்கல. மூணு தடவை. எனக்குக் கோவம் லா. மனசுக்குள்ள திட்டிட்டேன். இப்ப நெனச்சா தாங்க முடியல."

அத்தை அவள் தலையைத் தடவினார். உனக்கு எப்படிம்மா தெரியும் என்றார். தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது 3.49. அத்தைக்கு அந்த நேரம் தெரியும். இறப்புத் தாள்களையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை என்னைப் படித்துக் காட்டச் சொன்னவர் அவர்.

திரும்பும்போது எம்.ஆர்.டி. ரயிலில் கூட்டம் இல்லை. அத்தை குவளையை மடியில் வைத்து, மூன்று நிலையம் வரை அதன் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், மூணு இருவதுக்கே எடுக்கலன்னா எப்ப விழுந்தா?

போன் சார்ஜில் இருந்தது, கவனித்திருக்க மாட்டாள் என்றேன்.

"சரி மாப்பிள்ளை" என்றார்.

அந்த 'சரி' சரியில்லை.

எனக்கு இன்னொன்றும் கிடைத்துவிட்டது. 3.12க்கு நன்றாக இருந்தாள். 3.20க்கு இல்லை. இரண்டாம் பாட்டின் கடைசி, மூன்றாம் பாட்டு முழுவதும், நான்காவதின் தொடக்கம். ஊரெல்லாம் பாடுவது அந்த மூன்றாவதைத்தான். கைபேசி ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. மூன்று தடவை அடித்திருக்கிறது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்.

வியாழன், 13 நவம்பர்

வெயில். வீட்டில் வேலை. சரியாக ஏழு வாரம்.

அதே நாற்காலி. கீழே எங்கள் அடுக்குமாடி புளோக்கு அடியில் மூத்தோர் உடற்பயிற்சி வகுப்பு. ஒலிபெருக்கியில் பாட்டு 3. சீனப் பாட்டி ஒருவர் அர்த்தம் தெரியாமல் கூடவே பாடிக் கையை உயர்த்துகிறார். ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினாலும் கேட்டது.

மதியம் ரசம், கெளுத்தி வறுவல். அத்தை பரிமாறினார். எனக்குப் பெரிய துண்டு. சாப்பிட உட்காரும் முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பாதிச் சாப்பாட்டில்தான் முடிந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஹெட்போன், ஆல்பம், 3.05, 3.46. மடியில் போட்டது பிறகு. அவள் எதுவும் சொல்லிக் கேட்கவில்லை. அம்மா என்று சொன்னது நான் உண்டாக்கியது.

வறுவல் கரண்டி அவர் கையில் அப்படியே இருந்தது.

"அப்ப அம்மான்னு கூப்பிடலியா?"

"தெரியாது அத்தை. நான் அங்க இல்ல."

"வேலைதான பாத்துட்டிருந்தீங்க?"

"இல்ல. பாட்டுக் கேட்டுட்டிருந்தேன்."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். எழுந்து தன் தட்டைக் கழுவினார். அந்தத் தொட்டியில்தான். கழுவி முடித்து, முதுகைக் காட்டியபடியே கேட்டார். "நான் ஊருக்குப் போற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? இன்னும் ரெண்டு நாள்தான."

மீன் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு மணிக்கு என் மச்சான் பாலு ஊரிலிருந்து அவருக்குப் போன் செய்தான். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், வெட்கமில்லாமல். மாங்காய் ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்தாயா என்று கேட்டார். வேறெதுவும் இல்லை. மகனிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு ஏதோ தீர்ந்திருக்கும்.

அவருக்காகச் சொன்னேனா, என் பாரம் இறங்கச் சொன்னேனா? எழுதும்போது தெரிகிறது, இரண்டாவதுதான். இறங்கியதா என்றால் அதுவும் இல்லை. அந்த அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. நானும் சாப்பிடவில்லை.

வெள்ளி, 14 நவம்பர்

ஆபீஸுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி. கனமழை, எதிர் புளோக்கு தெரியவில்லை.

காலையில் இட்லி இருந்தது. மூடி வைத்திருந்தார். இரண்டு பெட்டிகளையும் கூடத்தில் திறந்து போட்டு மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். தைலத்தைச் சேலைக்குள் சுற்றினார். உதவட்டுமா என்றேன். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

மூன்று மணி இருக்கும். என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தக் காதுல மாட்டுறத எடுங்க."

அன்றைக்குப் பிறகு தொடவில்லை. மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. மின்னேற்ற வேண்டியிருந்தது, இருபது நிமிடம். அத்தை அதுவரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தார். கொண்டையைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டு மாட்டினேன். அன்னைக்கு எவ்வளவு சத்தமோ அவ்வளவு வைங்க என்றார். வைத்தேன். அன்னைக்குக் கேட்ட அதே பாட்டு என்றார். முதல் பாட்டிலிருந்து போட்டேன். ஒரு காதை விலக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அவ உங்கள எப்படிக் கூப்பிடுவா?"

"ஏங்கன்னு."

"போய் அங்க நின்னு அப்படிக் கூப்பிடுங்க."

போனேன். கழுவுதொட்டிக்கு முன்னால் நின்றேன். குழாயை இறுக்கி மூடிவிட்டு 'ஏங்க' என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி. மறுபடி சத்தமாக. என் வீட்டுச் சமையலறையில் நின்று என்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளரைக் கீழே போட்டேன். எவர்சில்வர், உருண்டு போய்க் கதவில் முட்டியது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, கை தவறிவிட்டது என்றேன்.

எட்டிப் பார்த்தேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அத்தையின் முதுகு மட்டும் தெரிந்தது. சின்ன முதுகு. அசையவில்லை. பிறகு பார்த்தால் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது, பாட்டுக்கு.

கீழே உட்கார்ந்துவிட்டேன். அவள் கிடந்த இடத்தில்.

மூன்றாம் பாட்டு முடிகிற நேரத்தில் கழற்றிக்கொண்டு வந்தார்.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"எத்தன தடவ?"

"ஏழெட்டு தடவ இருக்கும்."

டம்ளரைக் குனிந்து எடுத்தார். முழங்கால் வலியோடு. அதைக் கழுவிக் கவிழ்த்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது."

இது மன்னிப்பா, தண்டனையா? கேட்க எனக்கு உரிமை இல்லை.

அறைக்குப் போகும் வழியில் நின்று, "நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு" என்றார்.

சனி, 15 நவம்பர்

மழை விட்டிருந்தது. பதினொரு மணிக்கு டாக்ஸி. சீன ஓட்டுநர், வயதானவர். நாங்கள் தமிழர் என்று கண்டதும் எங்களைக் குஷிப்படுத்த வேண்டி ஈரக்குடை போட்டார். ரொம்ப நல்ல பாட்டு, பேத்தி சொல்லிக்கொடுத்தாள் என்றார். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் சில விநாடியில் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். திரும்பி என்னைப் பார்த்து, "எங்க போனாலும் இதான் போடுவாங்களா?" என்றார்.

"ஆமா அத்தை."

"அன்னைலேருந்தா?"

"ஆமா."

வெளியே பார்த்துக்கொண்டார். வேகச்சாலை முடியும் வரை அதே பக்கம்.

விமான நிலையத்தில் திருச்சி வரிசை நீளம். முன்னால் கப்பல்பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், புதுக்கோட்டைப் பக்கம். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறாராம். அத்தையின் பெட்டியைத் தள்ள உதவினார். மகளைப் பார்க்க வந்தீர்களா என்று கேட்டார்.

நான் அத்தையின் பாஸ்போர்ட்டைப் பிரித்து எதையோ தேடுவது போல் இருந்தேன். இனி வரப்போவது எனக்கு மனப்பாடம். மடி, அம்மா.

"மகளுக்குக் காரியம் பண்ண வந்தேன் தம்பி. சமையக்கட்டுல விழுந்துட்டா. மாப்பிள்ளை பக்கத்து ரூம்ல வேலையா இருந்தாரு. யாருக்கும் தெரியல."

அவர் ஐயோ என்றார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

வேலையா இருந்தாரு. பாட்டு என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேன். திருத்தலாமா என்று ஒரு கணம். அப்புறம் அந்த ஆளுக்கு என் உண்மை எதற்கு? அத்தை அதை எனக்காகச் சொல்லவில்லை, அவர் மகளுக்காகச் சொல்லியிருக்கலாம். பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவனுக்குப் பெண் கொடுத்தேன் என்று வரிசையில் நின்று எப்படிச் சொல்வார்?

உள்ளே போகும் இடத்தில் காலில் விழுந்தேன். இங்கே அப்படி யாரும் செய்வதில்லை, நாலு பேர் பார்த்தார்கள். ஆசீர்வாதம் எதுவும் சொல்லவில்லை. தோளைத் தொட்டு எழுப்பினார்.

"போன் பண்ணுவேன். எனக்கு அவளப் பத்திக் கேக்கணும். தெரிஞ்சா தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எனக்காக எதுவும் சேக்காதீங்க."

சரி என்றேன்.

கண்ணாடிக்கு அப்பால் புதுக்கோட்டைக்காரர் அத்தையின் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பச்சை ரவிக்கை அந்தப் பைக்குள்தான் இருந்தது.

ஞாயிறு, 16 நவம்பர்

ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜில் நாலு டப்பா, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று அத்தை எழுதி ஒட்டியிருக்கிறார். வத்தக்குழம்பைச் சூடாக்கினேன். மழை. துடைத்த தரையை மறுபடி துடைத்தேன்.

இன்று ஈரக்குடை கேட்கவில்லை. வெளியே போகவில்லை என்பதால்.

செவ்வாய், 18 நவம்பர்

ஆபீஸ். மூன்றாம் தள வரைபடம் முடிந்தது. பார்த்தவர் ஒரு படிக்கட்டு எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று சுட்டிக்காட்டினார். வெட்கம். ஆனால் கடைசியில் ஒருவர் என் வேலையில் தப்புக் கண்டுபிடித்தாரே என்று ஒரு ஆறுதலும்.

அத்தை ஆறு மணிக்குக் கூப்பிட்டார். முதலில் பயணம், முழங்கால், ஊறுகாயில் பூஞ்சை. பிறகு கேட்டார், அன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டா?

தெரிந்தது. இரண்டு ரொட்டி, காயா ஜாம் தடவி. ஓரத்தை வெட்டி எனக்கு வைத்தாள், எனக்கு ஓரம்தான் பிடிக்கும். நின்றுகொண்டே தின்றாள், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. பாதிக் காப்பியைக் குவளையிலேயே விட்டுப் போனாள்.

சொல்லச் சொல்ல அத்தை 'ம்' கொட்டினார். எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியிருக்கவும் இல்லை.

"சின்னதுலேருந்தே ஓரம் திங்க மாட்டா" என்றார். இது எனக்குத் தெரியாது. எனக்காக வெட்டி வைப்பதாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன், 20 நவம்பர்

தூறல். வீட்டில் வேலை. எட்டு வாரம். கீழே மூத்தோர் வகுப்பு புதுப் பாட்டுக்கு மாறிவிட்டது, ஏதோ மலாய்ப் பாட்டு. ஒரு நிமிடம் நின்று ஈரக்குடை வருமா என்று கேட்டேன். வரவில்லை. வராததும் ஒரு மாதிரி இருந்தது.

நாலரைக்கு அத்தை. நேற்றுக் கேட்டது அவள் புடவை எத்தனை, யாருக்குக் கொடுப்பது. இன்று நலம் விசாரிக்கவில்லை.

"கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா? நெசமா."

இதைப் போன வியாழக்கிழமை அவரிடம் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அது 'தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க' என்பதில் சேராது.

"நான் அதக் காதுல மாட்டப் போனேன். அப்ப வாசல்ல வந்து நின்னா. தலை லேசா வலிக்குது, மிஷின் நின்னா துணிய எடுத்துப் போட்டுடுங்கன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ம்-ன்னேன்."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"இல்ல அத்தை."

ஊரில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்புவது கேட்டது. கிளம்பவில்லை, மறுபடி உதைத்தார்கள். பிறகு அது போய்விட்டது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தால் விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"துணிய எடுத்துப் போட்டீங்களா?"

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தேன்."

"நாறியிருக்குமே."

"ஆமா. மறுபடி அலசினேன்."

"வெயில்லயா காய வெச்சீங்க?"

"மழையா இருந்துச்சு அத்தை. உள்ளதான் போட்டேன்."